கத்தி இல்லாத தட்டு

"இன்னைக்காவது கத்தியை என் கையில குடேன், பிம். நாளைக்குக் காலையில தொங்கப் போறவன்தானே" என்றான் டக்கெட்.

தூக்குக் கைதி கையில் கத்தி கொடுப்பதில்லை. லண்டன் சிறையின் சட்டம் அது. காவலர் பிம் வழக்கம்போல் ஆட்டிறைச்சியைத் தானே நறுக்கி, கத்தியைத் துணியில் துடைத்து, துணியை மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் லிட்கேட் உள்ளே வந்தார். கைதிக்கு எதிரே உட்கார்ந்து, வெகுநேரம் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுக்கடை நடத்திய டக்கெட், இரண்டு மனைவிகளுக்குப் பாஷாணம் கொடுத்துக் கொன்றவன். அதற்கு முன் அவன் குடியிருந்தது ஒயிட்சேப்பலில். அந்தச் சந்துகளில் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கத்திக்கு இரையானதும் அந்த நாட்களில்தான். கொலைகாரன் அகப்படவே இல்லை.

இவன்தான் என்று எழுதி வழக்கை மூடிவிடச் சொல்லியிருந்தார்கள் மேலதிகாரிகள். லிட்கேட்டுக்கு மனம் ஒப்பவில்லை. இவன் இல்லையென்றால், அவன் இன்னும் நடமாடுகிறான்.

நேராகவே கேட்டார். டக்கெட் மென்றுகொண்டே சிரித்தான்.

"நான் மாசக்கணக்கா கட்டில் பக்கத்துல உக்காந்து, கஞ்சி ஊட்டி, பொறுமையா சாகடிச்சவன் சார். என்னைப் போய் அந்த அவசரக்காரனோட சேக்கறீங்களே."

லிட்கேட் நம்பவில்லை. அவன் சாப்பிட்டு முடித்ததும் தன் கைக்குட்டையை நீட்டினார். டக்கெட் வாயைத் துடைத்து, சுருட்டி மேசைமேல் எறிந்தான்.

லிட்கேட் அந்தச் சுருட்டிய கைக்குட்டையைப் பார்த்தார்.

"நீ இல்லை. பத்திரிகைக்காரங்களுக்கு நாங்க சொல்லாத ஒண்ணு இருக்கு. அவன் செத்தவ துணியிலயே கத்தியைத் துடைப்பான். அதை ஒழுங்கா மடிச்சு, அவ தலைமாட்டுல வெச்சுட்டுப் போவான். கை பழகின வேலை, விடாது. அவன் இன்னும் வெளியேதான் இருக்கான்."

எழுந்து போனார். கதவைத் திறந்துவிட்ட இன்னொரு காவலரும் அவரை வழியனுப்பக் கூடவே போனார்.

அறையில் இருவர் மட்டும்.

பிம் தட்டை எடுத்தார். ஓரத்தில் இருந்த துணி இப்போது அங்கே இல்லை. அவருடைய இடதுகை முஷ்டிக்குள் அதன் நுனி தெரிந்தது.

டக்கெட் அந்த முஷ்டியையே பார்த்தான்.

"மடிச்சுத்தானே வெச்சிருந்தே பிம், ஏன் கசக்கிட்டே?"