நாயாற்றுத் தண்ணீர்

“பட்டறைக் கழிவு எட்டாத இடமாப் பாத்து அள்ளிக்கொண்டு வாங்கோ, நல்லதம்பி. தெற்குக் கரைதான் நல்லம். எனக்கு வள்ளத்திலை ஏறினாத் தலை சுத்தும்.”

முல்லைத்தீவிலிருந்து வந்த அதிகாரி யோகநாதன் மூன்று வெறும் போத்தில்களை நீட்டினார். பழைய பற்றறிகளை உருக்கி ஈயம் எடுக்கும் அந்தப் பட்டறை வந்த நாளிலிருந்து கடலோடு சேரும் நாயாற்றுக் களப்பு நாசமாகிக்கொண்டிருந்தது. நல்லதம்பி போத்தில்களை வாங்கிக்கொண்டான். அவன் மனைவி அமராவதிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

வள்ளம் கரையை விட்டதும் வெடித்தாள்.

“கேட்டனீங்களே? கழிவு எட்டாத தண்ணியாம்! அதைச் சோதிச்சுப்போட்டு, நாயாறு சுத்தம் எண்டு எழுதப்போறார். பட்டறைக்காரன் ஆளை நல்லாக் கவனிச்சிருக்கிறான்.”

“சும்மா இரு. பெரிய மனிசரோடை எங்களுக்கென்ன கொழுவல்?”

“எப்பிடிச் சும்மா இருக்கிறது? ரெண்டு பிள்ளை வயித்திலையே போச்சுது. உடம்பிலை ஈயம் ஏறியிருக்கெண்டு டொக்டர் சொன்னவர்தானே? இதுவும் போகவேணுமே?”

ஐந்து மாத வயிற்றை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நல்லதம்பியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வள்ளத்தைத் திருப்பினான்.

பட்டறையின் கழிவுக் குழாயடியில் மூன்று போத்தில்களும் நிரம்பின. பார்வைக்கு அந்தத் தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது.

“தெற்குக் கரையிலை அள்ளினது, ஐயா” என்று கூசாமல் பொய் சொன்னாள் அமராவதி.

எண்பத்திரண்டாம் ஆண்டு தை பிறந்ததும் இருவரும் யோகநாதனின் அலுவலகத்துக்குப் போனார்கள். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. பட்டறை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனய்யா இன்னும் மூடேல்லை?” அழுது களைத்த அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

யோகநாதன் தலை குனிந்துகொண்டார். “மூடத்தான் தங்கச்சி நானும் ஓடித் திரிஞ்சனான். குழாயடித் தண்ணியை ரெண்டு தரம் சோதிச்சம். ஈயம் அளவைத் தாண்டேல்லை. சட்டப்படி ஒண்டும் செய்யேலாது.”

“ஆர் வைச்ச அளவு அது?”

“ஒவ்வொரு களப்புக்கும் ஒவ்வொரு அளவு. கழிவு படாத இடத்திலை இயற்கையா எவ்வளவு ஈயம் இருக்குதோ, அதுதான் அந்தக் களப்புக்கு அளவு. நாயாற்றுக்கு, நீங்கள் அண்டைக்குத் தெற்குக் கரையிலை அள்ளித் தந்த தண்ணியை வைச்சுத்தான் அளவு போட்டது.”