மூடி திறக்காத கிண்ணங்கள்

"முகத்துல ஒரு பூச்சும் இல்லாம உங்களைப் பாக்கணும். அப்புறம்தான் கல்யாணப் பேச்சு" என்று கஸ்பார் பிரபு சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் காலத்துப் பாரிஸ் சீமாட்டிகள் விருந்தினர் முன்னால்தான் அலங்காரம் செய்துகொள்வார்கள். அதனால் இளம் விதவை சிடோனிக்கு இதில் கூச்சம் ஒன்றும் இல்லை.

"அலங்காரம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வரச் சொல்லு" என்றாள் பணிப்பெண் பெரினிடம்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பிரபு கலைந்த தலையோடு வந்தார். "மன்னிக்கணும். எழுந்ததும் ஓடி வந்துட்டேன். தலைகூட வாரலை."

கண்ணாடி முன் சிடோனி கொட்டாவி விட்டாள். "நானும் இப்பத்தான் எழுந்தேன்."

பிரபு மேசையிலிருந்த பீங்கான் கிண்ணங்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வெள்ளைப் பூச்சும் கன்னச் சிவப்பும் விளிம்புவரை நிறைந்திருந்தன.

"விரல்கூடப் படலையே. அப்போ இந்தக் கன்னம்?"

"எங்கம்மா குடுத்தது."

"இனிமே பேச என்ன இருக்கு? ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணத்தை வச்சுக்கலாம்."

அவர் வண்டி புறப்பட்டதும், பெரின் கட்டிலுக்கடியிலிருந்து மண்சட்டிகளை இழுத்தாள். அவற்றிலும் அதே பூச்சுகள். எல்லாம் பாதி காலி.

"காலைல அஞ்சு மணிலேருந்து பூசினது வீண்போகலைம்மா. 'இப்பத்தான் எழுந்த முகம்' செய்யறதுதான் பெரிய வேலை."

சிடோனி பெருமூச்சு விட்டாள். "பாவம்டி. அந்த மனுஷன் தலைகூட வாராம ஓடி வந்திருக்கார். அவரைப் போய் ஏமாத்திட்டோமே."

"நீங்க வேற. என் வீட்டுக்காரர்தான் அவருக்குத் தலை அலங்காரம் செய்யறவர். இன்னிக்கு அந்தத் தலையைக் கலைச்சுவிட நாலு மணிக்கே கிளம்பிப் போனார்."