பதினாறு பேறு

"எலே சதானந்தா, இண்ணைக்கும் எனக்க மைக்கு செத்துப் போச்சுடே!"

மேடையிலிருந்து இறங்கி வந்த பொன்னம்பலத்துக்கு முகம் சிவந்திருந்தது. பனச்சமூட்டில் அவருடைய ஆடிட்டோரியத்தில் தாலிகட்டு முடிந்ததும், மணமக்களை வாழ்த்தி அவர் பேசாமல் யாரும் பந்திக்குப் போக முடியாது. பதினாறு பேறுகளையும் ஒவ்வொன்றாக விளக்குவார். விளக்க ஆசைப்படுவார் என்பதுதான் சரி. நாலு வருஷமாக ஒரே கேடு. பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் இறங்கி அடங்கிவிடும். பேச்சு முடிந்தது என்று சனம் எழுந்து பந்திக்குப் பாயும். நாலாவது பேற்றை அவர் தாண்டியதே இல்லை.

"வயரு பழசாக்கும் மொதலாளி," என்றார் சதானந்தன். இருபது வருஷமாக அங்கே மைக் செட் பார்ப்பவர்.

"வயரு மாத்தியாச்சு. மைக்கு மாத்தியாச்சு. ஸ்பீக்கரும் புதுசு. இனி மாத்துகதுக்கு நீ ஒருத்தன்தான் பாக்கி."

வெறும் பேச்சில்லை அது. அடுத்த வாரமே ஜிஷா என்ற பெண் ஒரு கம்பெனியிலிருந்து பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தானாகவே சத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் மிஷின். அதைச் சதானந்தனின் மிக்சரோடு மாட்டிவைத்தால், யார் பேசும்போது எந்த மைக்கை எவ்வளவு ஏற்றி இறக்குகிறார் என்று மூன்று கல்யாணத்தில் படித்துக்கொள்ளுமாம். நாலாவது கல்யாணத்துக்கு ஆள் வேண்டாம்.

"அப்பம் எனக்க சோலி போச்சு, இல்லியா மக்கா?"

ஜிஷாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஸ்பீக்கரு சுமக்கவும் வயரு இழுக்கவும் ஆளு வேணும் அண்ணா. மிக்சருக்க முன்ன இருக்குத சோலிதான் இனி கஷ்டம். நெய்யாற்றின்கரையில எல்லா ஆடிட்டோரியத்துலயும் இது வந்தாச்சு."

"அம்பத்து மூணு வயசுல, முட்டு தேஞ்ச பொறவு, நான் ஸ்பீக்கரு சுமக்கணுமா?"

அவள் பெட்டியை மாட்டிவிட்டுப் போனாள்.

சதானந்தனுக்குப் பயமாகத்தான் இருந்தது. வேறு வேலை தெரியாது. மகள் ஷாலுவின் நர்சிங் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் கிடக்கிறது. ஆனாலும் முறைத்துக்கொள்ளாமல் மூன்று கல்யாணத்துக்கும் நேரத்தில் வந்து, தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். மூன்றிலும் பொன்னம்பலத்தின் குரல் வழக்கம்போல் அடங்கியது. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று முதலாளியும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

நாலாவது கல்யாணத்தன்று மிக்சருக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் ஜிஷா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சதானந்தன் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாதஸ்வரத்துக்கு ஒரு அளவு, மந்திரத்துக்கு ஒரு அளவு என்று மிஷின் குறைசொல்ல முடியாதபடி வேலை பார்த்தது.

பொன்னம்பலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் பேறு ஆயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவதின் பாதியில் குரல் இறங்கியது. அப்படியே அடங்கியது. சனம் பந்திக்குப் பாய்ந்தது.

விறுவிறுவென்று வந்தவர், ஜிஷாவைத் தாண்டிப் போய்ச் சதானந்தனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எலே, நீ தொடாமலே கேடு வருது. அப்பம் இது இந்தக் கெட்டிடத்துக்க தோஷமாக்கும். நாலு வருஷமா உன்னயப் பழி சொல்லிட்டேனேடே! மனசுல வச்சுக்காத. நாளையிலயிருந்து நீயே இரு. மோளே, இந்தப் பெட்டிய நீ கொண்டுபோ."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் போனதும் ஜிஷா திரையைச் சதானந்தன் பக்கம் திருப்பினாள்.

"கெட்டிடத்துக்கு ஒரு தோஷமும் இல்ல அண்ணா. மூணு கல்யாணத்துலயும், அவரு பேசத் தொடங்கி அஞ்சாவது நிமிஷம், அவருக்க மைக்க உங்க விரலாக்கும் இறக்கியிருக்கு. மிஷின் அதப் பாத்துப் படிச்சிருக்கு."

சதானந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாலு வருஷமா, இலை போட்டாச்சுண்ணு பந்திக்காரன் கண்ணு காட்டும்பம் இறக்குவேன் மக்கா. ஒருநாள் நாலு நிமிஷம், ஒருநாள் ஏழு நிமிஷம். இந்த மூணு கல்யாணத்துலதான், மிஷினுக்கு நல்லா மனசிலாவட்டுமுண்ணு, வாச்சப் பாத்து அஞ்சாவது நிமிஷம் இறக்குனேன்."