இறால் குட்டைச் சேறு

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தியலிங்கத்தின் இதயம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சில நொடி நிறுத்திச் சீராக்கும் ஊசி மருந்தை நர்ஸ் ரெஜினா முறைப்படிதான் போட்டாள்.

"நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, முழங்கை நரம்பில் மருந்தைச் சட்டென்று ஏற்றினாள். உடனே சலைனையும் தள்ளி, கையை உயர்த்திப் பிடித்தாள். மானிட்டர் திரையில் இதயத் துடிப்பின் கோடு நேராக ஓடியது. பிறகு பழைய வேகத்திலேயே துடித்தது.

போர்வையை விலக்கினால், அவர் கால்களில் முழங்கால் வரை கரிய சேறு. இறால் குட்டையின் அழுகல் வாடை. மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்ப, நஞ்சையை இறால் குட்டைக்காரர்களுக்கு விற்றவர் அவர்.

"என்ன கருமம் இது!" ஈரத்துணியால் துடைத்தாள். இரண்டாவது ஊசிக்குப் பின் சேறு இடுப்புக்கு ஏறியிருந்தது.

டாக்டர் திரையை மட்டுமே பார்த்தார். "இன்னொன்னு போடுங்க, சிஸ்டர்."

"வேணாம்மா. நெஞ்சு நின்னா குட்டைக்குள்ள போயிடுறேன். அங்க ஆழமா இருக்கு" என்றார் வைத்தியலிங்கம்.

ரெஜினா போட்டாள். கோடு மறுபடி நேராக ஓடியது. பிறகு, இம்முறை சீராகத் துடித்தது.

"இப்ப எப்படிங்கய்யா இருக்கு?" டாக்டர் சிரித்தார்.

பதில் சொல்ல வைத்தியலிங்கம் வாயைத் திறந்தார். உதட்டோரம் ஓர் இறால் மீசை அசைந்தது.