தப்பான ஃபைல்

"போச்சு! வேற டிவியோட ஃபைலை சிப்பில ஏத்திட்டே. எழுத்தெல்லாம் இடவலமா மாறி நிக்குது பாரு!"

மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த கணவன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் கை உடைந்த பிறகு மனைவி தனியாகப் பார்க்கும் முதல் வேலை இது. சொதப்பினால், கை சரியாகும்வரை கடையை மூடிவிடுவதென்று பேச்சு.

"அடிச்சுக்கறதை நல்ல கையால அடிச்சுக்குங்க" என்றாள் அவள், பின்மூடியின் திருகுகளை முடுக்கிக்கொண்டே. கம்பெனி லோகோவைக் காட்டியதோடு நின்றுபோன டிவி அது. மெயின் போர்டிலிருந்து சிப்பைக் கழற்றி, பழையதை அழித்து, புது மென்பொருள் ஃபைலை எழுதித் திரும்பப் பற்றவைத்திருந்தாள்.

"ஆள் வந்தா என்ன சொல்வே?"

"அவரே சொல்வார்."

டிவியின் சொந்தக்காரர் வந்தார். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்த திரையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டி நின்று, பையிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஆகா, ஸ்கோர் நேரா தெரியுதும்மா! நான் கேட்ட மாதிரியே செஞ்சுட்டியே!"

கணவன் திருதிருவென்று விழித்தான்.

"என்ன தம்பி முழிக்கறீங்க? என் சலூன்ல டிவி பின்சுவர்ல இருக்கு. உட்காரறவங்க எதிர்க் கண்ணாடியிலதான் பார்க்கணும். போன வாரம் ஒருத்தர் ஸ்கோர் படிக்கறேன்னு சட்டுனு திரும்பி, காதுல கத்திரி பட்டுருச்சு."

டிவியைத் தூக்கப் போனவர், அவன் தலையை ஒரு நோட்டம் விட்டார்.

"உங்களுக்கும் காடா வளர்ந்து கிடக்கு. சாயங்காலம் வாங்க, ஆடாம உட்கார்ந்து மேட்ச் பாருங்க."

"போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. "கடையை நான் பார்த்துக்கறேன்."