மூன்றாம் தரச் சிறு பழுது

மிசினுக்கு வரக்கூடிய சிறு பழுதுகள் மூன்றே தரம். நான்காவது தரம் உலகத்திலேயே கிடையாது. உருத்திரபுரத்து மிளகாய்த் தோட்டமொன்றின் கிணற்றடியில் நின்று மெக்கானிக் குணநாயகம் இதை அறிவிக்கிறான். மாசிப் பனி விலகவில்லை. தண்ணீர் இறைக்கும் மிசின், கயிற்றை இழுக்கும்போதெல்லாம் ஒருதரம் செருமிவிட்டு அடங்குகிறது. நேற்று நட்ட கன்றுகள் துவண்டு கிடக்கின்றன. வெயில் ஏறுமுன் தண்ணீர் போகாவிட்டால் அத்தனையும் கருகிவிடும். தோட்டக்காரி விமலேஸ்வரி கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறாள். “தம்பி, பனியிலை சளி பிடிச்சு அதுக்குத் தடிமன். பிளக்கைக் கழட்டித் தணலிலை காட்டுங்கோ.” “மிசினுக்குத் தடிமனோ அக்கா? அப்ப கொத்தமல்லியும் அவிச்சுக் குடுப்பம்.” கொப்பியில் ‘மூன்றாம் தரம்: காரணமற்ற முரண்டு’ என்று எழுதிவிட்டு மறுபடி இழுக்கிறான். செருமல். “உங்கடை தரம் கண்டுக்குத் தண்ணி விடுமோ?” என்றபடி விமலேஸ்வரி, கன்றுகளுக்கு ஓலை மறைப்புக் குத்தப் போகிறாள். பனிக்குள்ளிருந்து வெயில் எட்டிப் பார்க்கிறது. அவள் முதுகு திரும்பியதும் குணநாயகம் பிளக்கைக் கழற்றிக்கொண்டு அவள் வீட்டுக் குசினிக்குள் நுழைகிறான். அடுப்புத் தணலுக்கு மேலே அதைக் குறட்டில் பிடித்தபடி, வாசலைப் பார்த்துப் பார்த்துக் குந்தியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் மிசின் படபடத்து ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது. கிணற்றுக்கட்டில் விரிந்து கிடக்கும் கொப்பியில் ‘காரணமற்ற முரண்டு’ கோடு போட்டு வெட்டப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில், ‘நான்காம் தரம்: தடிமன்’.