நாற்பதாவது ஐரிஸ் விதை

ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது. அதன் மஞ்சள் வெளிச்சத்தில் தையல்காரி முழங்காலிட்டுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் பஸ் டிரைவரான அவள் கணவர், காக்கிச் சட்டைக்குப் பித்தான்கூடப் போடாமல், டப்பாவிலிருந்த ஈரக் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சுருங்கிப்போன ஐரிஸ் பூச்செடி விதைகள். அவளுடைய அக்கா, வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய அன்று, தன் தோட்டத்தில் பறித்துத் தந்தவை. அந்தத் தோட்டம் இப்போது சிமென்ட் தரை. மூன்று மாதம் குளிரில் அசையாமல் கிடந்தால்தான் முளைக்கும் என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

"இன்னிக்கும் ஒண்ணும் காணோமே" என்று ஒரு விதையை விரலால் உருட்டுகிறார்.

"ஏங்க, தினம் காலையில எடுத்து எடுத்து உருட்டினா அது எங்கேருந்து முளைக்கும்? தூங்குற பிள்ளையை எழுப்பி 'தூங்கிட்டியா'ன்னு கேக்குற மாதிரி இருக்கு! உள்ள வைங்க, குளிர் போகுது."

"நாப்பதுன்னு சொன்னே, முப்பத்தொம்பதுதான் இருக்கு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது அவளுக்கு. தொலைத்தவரே கணக்குக் கேட்கிறார்! துணியைப் பிழிந்து கதவின் ரப்பர் மடிப்பைத் துடைக்கிறாள். கை சட்டென்று நிற்கிறது. மடிப்பில் தேங்கிய ஈரத்தில், இத்தனை நாளும் யாரும் எடுத்துப் பார்க்காத அந்த ஒற்றை விதை, நூல்முனை போல ஒரு வெள்ளை வேரை நீட்டிக்கொண்டு கிடக்கிறது.

ஃப்ரிட்ஜ் கீங்கீங்கென்று கத்தத் தொடங்குகிறது.

"கதவ மூடும்மா, குளிர் போகுது" என்கிறார் அவர்.

"சும்மா இருங்க, ஒரே ஒரு தடவை" என்று அவள் அந்த விதையை உருட்ட விரலை நீட்டுகிறாள்.